பந்து வராத பிள்ளை

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். கூடைப்பந்து பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படிப்பேன். நான் பெரிய ரசிகன் இல்லை. எந்த அணிக்கும் ஆதரவாளன் இல்லை, புள்ளிவிவரமும் தெரியாது. அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்கள் நமக்குக் காலை வேலை நேரத்தில் வருவதால், மாலையில் எம்ஆர்டி ரயிலில் பத்து நிமிடத் தொகுப்பு பார்ப்பதோடு சரி. ஸ்டெஃப் கரி, கைரி அர்விங், ஜா மொரான்ட் மூவரையும் பிடிக்கும். எல்லாரும் புகழும் யோக்கிச்சின் ஆட்டம் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாரிலும் பெரிய ஆட்டக்காரர் ஜோர்டனா லெப்ரானா என்று சண்டை போடும் நண்பர்கள், ‘உனக்கு ஆட்டமே தெரியாது’ என்கிறார்கள். பார்த்து ரசிக்க நீங்கள் சொல்லும் ஐந்து பேர் யார்?

என் மகளும் இந்த ஆண்டு பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறாள். போன சனிக்கிழமை பார்க்கப் போனேன். அவளிடம் பந்தே வரவில்லை. பாதியில் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

நண்பர்களை விடுங்கள். ஜோர்டனா லெப்ரானா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடப்போவதும் இல்லை. எந்த அணிக்கும் ஆதரவாளன் இல்லை என்பதை ஏதோ குற்றம்போல ஏன் எழுதுகிறீர்கள்? நல்ல ஆட்டக்காரர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் உட்கார்ந்து பார்க்கலாம். கைரியின் கையில் பந்து அடங்கிக் கிடப்பதும் மொரான்ட் எம்பிப் பறப்பதும் அழகுதான், சரி.

ஆனால் அந்தப் பத்து நிமிடத் தொகுப்பு இருக்கிறதே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும்.

பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் ஓர் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். 1954இல் வந்த விதி. அந்த 24 விநாடியில் உங்கள் தொகுப்பு காட்டுவது எவ்வளவு? கடைசி நாலோ ஐந்தோ. கரி பிடிக்கிறார், எறிகிறார், விழுகிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது. 2015-16 பருவத்தில் மட்டும் 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டவருக்கு எறிவதா பெரிய காரியம்? அவருடைய ஆட்டம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். பந்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கூடைக்கு அடியில் புகுவார். எல்லைக் கோட்டை ஒட்டி ஓடுவார், நிற்பார், திரும்புவார், மறுபடி ஓடுவார். துரத்துகிறவருக்கு மூச்சு வாங்கும். அவர் அணியின் டிரேமண்ட் கிரீன் ஓரிடத்தில் தூண்போல நிற்பார், துரத்துகிறவர் அவர்மேல் போய் முட்டுவார். அந்த அரை விநாடியில்தான் கரிக்கு இடம் கிடைக்கிறது. நீங்கள் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம் நடப்பதை.

யோக்கிச்சும் அப்படித்தான். குதிக்க மாட்டார், வேகமாக ஓடவும் மாட்டார். 2014இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது டென்வர் அணி அவரை 41ஆவது ஆளாக எடுத்தது. அவர் பெயர் வந்த நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே கேமராவுக்கு அவர் அகப்படவில்லை. பின்னால் 2021, 2022, 2024 என மூன்று முறை பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 2023இல் டென்வருக்கு முதல் கோப்பை. அடுத்த தடவை அவரைப் பார்க்காமல் அவருடன் ஆடுகிறவர்களைப் பாருங்கள். ஆரன் கோர்டன் ஓரமாகக் கூடையை நோக்கி நழுவுவார், எதிரணியில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் எம்பும்போது பந்து அங்கே வந்திருக்கும்.

இப்படிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. ஆடுகிறவர்களில் அவன் ஒருவன்தான் தமிழ்ப் பையன். அவன் செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஆட்டம் தெரியாது, அண்ணனை மட்டும்தான் பார்ப்பேன். அண்ணனிடம் பந்து இருக்காது.

அவன் வேலை ஸ்கிரீன் போடுவது, அதாவது துரத்தி வருகிறவனின் வழியை மறித்து நிற்பது. நெட்டையாக ஒரு சீனப் பையன் இருந்தான், கூடை போடுவதெல்லாம் அவன்தான். கிளம்பும் முன் அண்ணனை ஒரு பார்வை பார்ப்பான். அண்ணன் நாலடி நகர்ந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்பான். நெட்டையனைத் துரத்தி வருகிறவன் முழு வேகத்தில் அண்ணன்மேல் மோதுவான். அசையக் கூடாது, அசைந்தால் ஃபவுல். ராத்திரி அம்மா அவன் விலாவில் கோடாலித் தைலம் தேய்த்துவிடுவார்.

ஒருநாள் அப்பா வேலை முடிந்து வரும் வழியில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்று பார்த்தார். நெட்டையன் கூடை போட்டபோதெல்லாம் கைதட்டினார். அண்ணன் வந்ததும், “ரெண்டு மணி நேரம் சும்மா நின்னுட்டு வர்றியே, ஒரு பந்தாவது போட்டியா?” என்று கேட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என்னிடமிருந்து செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகும் ஆடினான். ஆனால் அப்பா வருகிற நேரத்துக்கு முன்பே திடலைவிட்டு வந்துவிடுவான். கட்டாயத் தேசிய சேவை முடிந்து வந்தபின் ஆடவே இல்லை.

அப்பா கடுமையானவர் இல்லை. எல்லாரையும்போலப் பந்தைப் பார்த்தார். அவர் கைதட்டிய கூடைகளில் பாதிக்குமேல் அண்ணன் வாங்கிய இடியில் கிடைத்தவை என்று எனக்குத் தெரியும். பதினொரு வயதில் அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தபோது அப்பா இல்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், சேர்ந்து ஆட்டம் பார்ப்போம். அவனுக்கு என்றைக்கும் ஜான் ஸ்டாக்டன்தான். யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணியில் 19 பருவங்கள், 15,806 அசிஸ்ட், அதாவது இன்னொருவர் கூடை போடுவதற்குக் கொடுத்த பந்துகள். இன்னும் யாரும் அதை எட்டவில்லை. அண்ணன் அந்தக் கணக்கைப் பேசவே மாட்டான். ஆறடி ஓரங்குல மனிதர், மலைபோல வருகிறவர்களுக்குக் குறுக்கே போய் நின்று ஸ்கிரீன் போட்டார் என்பதைத்தான் சொல்லிக்கொண்டே இருப்பான்.

பாதியில் கிளம்பிவிட்டேன் என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள், தம்பி! மகள் பார்த்திருப்பாள். பந்து வராத பிள்ளைக்கு, பார்க்க வந்தவர்களில் யார் இருக்கிறார்கள், யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்க நிறைய நேரம் உண்டு.

அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். கைப்பேசியைப் பையில் போடுங்கள். பந்து எங்கே போனாலும் போகட்டும், கடைசிவரை அவளை மட்டும் பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் எங்கே நின்றாள், யாரை மறித்தாள் என்று ஒன்றையாவது சரியாகச் சொல்லுங்கள். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

ஐந்து பேர் கேட்டிருந்தீர்கள், கரி, யோக்கிச், ஸ்டாக்டன் என்று மூன்று பேர்தான் ஆகியிருக்கிறது. மீதி இரண்டு பேரை அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா