பூமருது: பட்டை உரிவதும் இலை சிவப்பதும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூக்கும் பூமருது மரத்தைப் பற்றித்தான். மாசி பிறந்தால் இப்படித்தான் வரும்.

கே: மரத்தின் பட்டை செதில் செதிலாக உரிகிறது. பூச்சியா? (அண்ணா நகர்)

இல்லை, அது மரத்தின் இயல்பு. உரிந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று வெளிர் பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். இந்த மரத்தின் அழகே அதுதான். கத்தியால் சுரண்டாதீர்கள்.

கே: இலையெல்லாம் செம்பு நிறமாகிக் கொட்டுகிறது. யூரியா போட்டேன், நிற்கவில்லை. (பெருங்குடி)

போடுவதற்கு முன்பு கேட்டிருக்கக் கூடாதா? மழை ஓய்ந்து மண் காயும் தை, மாசியில் மரம் இலையிலிருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு இலையை உதிர்த்துவிடும். பச்சையம் போனதும் செம்பும் சிவப்பும் தெரிகின்றன. நம் ஊருக்கு இதுதான் இலையுதிர் காலம், ரசியுங்கள். வெயில் ஏறும்போது தானே துளிர்க்கும். யூரியா இனி வேண்டாம்.

கே: ஜப்பானிய மேப்பிள் கன்று ஆன்லைனில் கிடைக்கிறது. மாடியில் வைக்கலாமா? (தாம்பரம்)

வேண்டாம். அதற்கு மாதக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். சிவந்த இலைதான் ஆசை என்றால், தரையில் இடம் இருக்கிறவர்கள் வாதாம் மரம் வைக்கலாம்.

கே: வாசலில் பத்து வயதுப் பூமருது. அடிமரம் வரை சிமென்ட் பூசியதும் இடம் சுத்தமாகிவிட்டது, ஆனால் மரம் வாடுகிறது. ஏன்? (மடிப்பாக்கம்)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். வேருக்கும் காற்று வேண்டும். தண்ணீரும் சத்தும் இழுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன, அதன் தலையில் சிமென்டைக் கொட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையெல்லாம் சாக்கடைக்குப் போகுமே தவிர மரத்துக்கு ஒரு சொட்டு இறங்காது. அடிமரம் வருஷா வருஷம் பருக்கிறது, சிமென்ட் பருக்காது, பட்டையைத்தான் நெரிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த மரங்களைக் கிட்டே போய்ப் பார்த்தேன், சிமென்ட் குழி எவ்வளவோ அவ்வளவுதான் வேர்ப்பந்து, சில இடத்தில் ஒரு வாளி அகலம்கூட இல்லை. எத்தனை தடவை எழுதுவது? அடிமரத்தைச் சுற்றி மூன்று அடி மண் விடுங்கள். உளியால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுங்கள், வேரில் அடி படக்கூடாது. உதிர்ந்த இலையையே மூடாக்காகப் போடுங்கள், அது பட்டையைத் தொடாமல் இருக்கட்டும். அப்புறம், பட்டையில் சீரியல் பல்புக்கு ஆணி அடிப்பது, பெயிண்ட் பூசுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

கே: என் மரம் ஏன் பூக்கவில்லை? (ஊர் குறிப்பிடவில்லை)

வயது என்ன, வெயில் எவ்வளவு, எப்போது வெட்டினீர்கள், ஒன்றும் எழுதாமல் நான் எப்படிச் சொல்வது? புதுக்கிளையின் நுனியில்தான் பூ வரும். பங்குனியில் நுனியை வெட்டியிருந்தால் பூவையும் சேர்த்தே வெட்டிவிட்டீர்கள்.

கே: மின்கம்பிக்குக் கீழே வைக்கலாமா? (வேளச்சேரி)

கூடாது, 40 அடி போகும். சில நர்சரிகளில் குட்டை வகையையும் இதே பெயரில் தருகிறார்கள், இலையைப் பார்த்து வாங்குங்கள். உள்ளங்கையைவிட நீளமாக இருந்தால் பெரிய மரம், இரண்டு அங்குலம் என்றால் குட்டை.