கிறுக்குப் பிடித்த ராஜா

ஐயா, வணக்கம். கொரியாவை அந்தக் காலத்தில் ஆண்ட கொர்யோ வம்சத்து அரசர் கொங்மின் (ஆட்சி 1351–1374) பற்றி வாசித்தேன். மங்கோலியரின் பிடியிலிருந்து நாட்டை மீட்டவர். 1365இல் ராணி நோகுக் பிரசவத்தில் இறந்ததும் மனம் பேதலித்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார். ஒரு பெண்ணின் சாவு ஒரு நாட்டையே கவிழ்த்துவிட்டது இல்லையா? இவரைப் பற்றி எந்த கொரிய சீரியல் பார்க்கலாம்?
எஸ்.

அன்புள்ள எஸ்,

சீரியல் விஷயத்தை என்னிடம் கேட்காதீர்கள். பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவேன்.

'மனம் பேதலித்து' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, யார் சொன்னது? நாம் வாசிப்பது 1451இல் முடிந்த 'கொர்யோசா' என்ற வரலாற்று நூல். கொர்யோவைக் கவிழ்த்து 1392இல் அரியணை ஏறிய சோசன் வம்சம் எழுதவைத்தது. முந்தின ராஜா கிறுக்கன், அவருடைய மகன் அவருக்கே பிறந்தவன் இல்லை என்று அவர்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

என் சித்தி இறந்த பிறகு சித்தப்பா தினமும் காலையில் இரண்டு டம்ளர் காபி போடுவார். ஒன்று சித்தியின் படத்துக்கு முன்னால். 'புத்தி கலங்கிப்போச்சு' என்றார்கள் சொந்தக்காரர்கள். அடுத்த வாக்கியமே 'வயல் பத்திரம் எங்க இருக்கு?' அந்தக் காபியை அப்புறம் யார் குடிப்பார் என்று ஒருநாள் கேட்டேன். "நான்தான். அவ எப்பவும் ஆறினதைத்தானே குடிச்சா, இப்ப என் முறை" என்றார். கொங்மின் ராணியின் உருவத்தைத் தன் கையால் வரைந்து, அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று படித்தபோது எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

சரி, வருடங்களைப் பாருங்கள். ராணி இறந்தது 1365. 1366இல், கோயில் அடிமை ஒருத்தியின் மகனான ஷின் தோன் என்ற துறவியை வைத்து ஒரு தனி அலுவலகம் திறக்கிறார். பெரிய மனிதர்கள் பிடுங்கிய நிலத்தை உடையவனிடம் திருப்பித்தர வேண்டும், அநியாயமாக அடிமையாக்கியவர்களை விட்டுவிட வேண்டும். தலைநகரில் 15 நாள் கெடு, வெளியூரில் 40 நாள். இதையா பேதலித்த புத்தி செய்தது? மனைவி போன மறுவருடம் ஐயா, மறுவருடம்! நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தவர்களுக்கு அவர் கிறுக்கனாகத்தான் தெரிந்திருப்பார்.

அவரைத் தெய்வமாக்கவும் மாட்டேன். ராணிக்கு நினைவு மண்டபம் என்று ஜனங்களைக் கல் சுமக்கவைத்தார். 1371இல் அதே ஷின் தோனைக் கொல்லச் சொன்னவரும் அவர்தான். 1374இல் பணிவிடைக்காரர்களே அவரைத் தூக்கத்தில் வெட்டினார்கள். அந்தக் கதையை நீங்களே படித்திருப்பீர்கள்.

ராணியின் சமாதிக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஒன்று உயிரோடு இருக்கும்போதே கட்டிவைத்திருந்தார். வடகொரியாவில் கேசோங் நகரத்துப் பக்கம் இன்றும் அந்த இரண்டு மேடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. படத்தைத் தேடிப் பாருங்கள். சீரியலை அப்புறம் பார்க்கலாம்.