நீர்ப்பம்பிக்காக நீதிமன்றம் போக வேண்டுமா?

கேள்வி: தோட்டத்துக்கென இரண்டு மாதங்களுக்கு முன்னர் 68,000 ரூபாய் கொடுத்து நீர்ப்பம்பி ஒன்றை வாங்கினேன். மூன்றாம் கிழமையே அது நின்றுவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் எழுதித் தந்த கடைக்காரர், பிழை என்னுடையது என்கிறார். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இங்கே அதற்கான சட்டத்தரணியை எப்படித் தேடுவது? எவ்வளவு கொடுக்க வேண்டும்?
– வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: அம்மா, நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது இந்தியச் சட்டம். இலங்கையில் நுகர்வோருக்கெனத் தனி நீதிமன்றம் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையே இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகவில்லை என்று விசாரணையில் தெரியவந்தால், நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வியாபாரிக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை.

ஆனால் பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு மாதங்கள் போய்விட்டதால், சட்டத்தரணியைத் தேடி அலைவதற்கு முன்னர் இந்தக் கிழமையே இதைச் செய்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள். வாங்கிய திகதி, விலை, பம்பி நின்ற நாள், கடைக்காரர் சொன்ன பதில் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி, பற்றுச்சீட்டினதும் உத்தரவாதப் பத்திரத்தினதும் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது மாவட்டச் செயலகத்தில் விசாரித்து நேரில் ஒப்படையுங்கள்.

இழப்பீடு கேட்டு வழக்கே தொடுப்பதானால், இந்த அளவு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே உங்களுக்காகச் சட்டத்தரணி தோன்ற முடியாது, நீங்களே பேசலாம். இணக்கம் ஏற்படாவிட்டால் அச்சபை தரும் சான்றிதழுடன்தான் நீதிமன்றத்தை நாட முடியும்.

அந்தக் கட்டத்தில் சட்டத்தரணி வேண்டுமென்றால், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இவ்வாணைக்குழுவுக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு இடங்களிலும் நிலையங்கள் உள்ளன. வருமானம் குறைந்தவர்களுக்காக அதன் சட்டத்தரணிகளே வழக்காடுவார்கள். தனிப்பட்ட சட்டத்தரணியிடம் போவதானால், நீதிமன்ற வாசலில் வழிமறித்து அழைத்துச் செல்லும் இடைத்தரகர்களை நம்பாமல், அதே நீதிமன்றத்தில் கடன் அல்லது ஒப்பந்த வழக்கு நடத்திய அயலவர்களிடம் விசாரித்துச் செல்லுங்கள். முழு வழக்குக்கும் ஒரே தொகையா, ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகவா, கோரிக்கைக் கடிதமும் முத்திரைச் செலவும் அதில் அடங்குமா என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். 68,000 ரூபாய்ப் பொருளுக்கு வழக்குச் செலவு அதையும் தாண்டிப் போகுமென்றால், நேர்மையான சட்டத்தரணி அதை முதற்சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்.

விசாரணை முடியும்வரை பம்பியை வேறு எந்தத் திருத்துநரிடமும் கொடுத்துத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால், பிழை உங்களுடையது என்ற கடைக்காரரின் வாதத்துக்கு நீங்களே வலுச்சேர்த்ததாகிவிடும்.