பாலிஸ்டைரீனுக்குப் பீக் வரவில்லை என்றால் முதலில் உப்பைக் கேளுங்கள்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் ஒரு ரெசின் கம்பெனியில் இருக்கிறேன். ஏஜெண்ட் மூலம் இரண்டு பாலிமர் சாம்பிள் மால்டிக்கு (லேசரால் மூலக்கூறுகளைக் கிளப்பி எடை பார்க்கும் சோதனை) அனுப்பினோம். பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) அருமையாக வந்தது, பாலிஸ்டைரீன் வரைபடத்தில் ஒரு பீக்கும் (முகடும்) இல்லை. சாம்பிள் கெட்டுவிட்டது, லேசரைக் கூட்டி மறுபடி எடுக்கத் தனிக் கட்டணம் என்கிறார் ஏஜெண்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாலிமரை லேசர் நேராக அயனியாக்குவதில்லை. அந்த 337 அல்லது 355 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொள்வது சாம்பிளோடு சேர்த்துக் கலக்கும் மாட்ரிக்ஸ் என்ற துணைப்பொருள்தான். அது ஆவியாகிக் கிளம்பும்போது பாலிமர் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு போகிறது, சங்கிலியில் ஓர் உலோக அயனி ஒட்டினால்தான் கருவிக்கு அது தெரியும். பிஇஜி-யில் வரிசையாக ஆக்சிஜன் இருப்பதால் சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடிக் குப்பியிலிருந்து கசிகிற சோடியமே பல நேரம் போதும். பாலிஸ்டைரீனில் இருப்பது பென்சீன் வளையம். அதில் சோடியம் நிற்காது, வெள்ளி நிற்கும். டித்ரனால் மாட்ரிக்ஸோடு சில்வர் டிரைஃப்ளூரோஅசிட்டேட் என்ற வெள்ளி உப்பைச் சேர்த்தால் 104 டால்டன் (ஒரு ஸ்டைரீன் அலகின் எடை) இடைவெளியில் பீக்குகள் வரிசையாக வரும். வெள்ளியே போடாமல் லேசரை மட்டும் கூட்டினால் மாட்ரிக்ஸ் இரைச்சல்தான் ஏறும்.

இந்த ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். சாம்பிளை வாங்கி கூரியர் போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது, எந்த உப்பு போட்டார்கள் என்று கேட்டால் பதில் வராது. சோதனைக்கூடங்களும் லேசுப்பட்டவை அல்ல. விண்ணப்பத்தில் ஜிஎஸ்டி எண், முத்திரை, மேலதிகாரி கையெழுத்து எல்லாம் கேட்பார்கள், பாலிமரின் பெயருக்கு அரை வரி, உப்புக்கு இடமே இல்லை! மாட்ரிக்ஸ், உப்பு, கரைப்பான் மூன்றையும் எழுதித் தராத அறிக்கைக்குப் பணம் கட்டாதீர்கள், மூல டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் ஜிபிசி (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனை) அறிக்கையில் டிஸ்பர்சிட்டி, அதாவது சங்கிலிகளின் எடை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைக் காட்டும் எண், சுமார் 1.2-க்கு மேல் இருந்தால், வெள்ளி போட்டுப் பீக் வந்தாலும் சராசரி மூலக்கூறு எடையை நம்ப வேண்டாம். குட்டைச் சங்கிலிகள் எளிதாகக் கிளம்பி டிடெக்டரை நிரப்பிவிடும், நீளமானவை இருந்தும் தெரியாது, கடைசியில் எடை குறைத்துக் காட்டும். ஆலையில் சாதாரணமாகத் தயாராகும் பாலிஸ்டைரீன் பெரும்பாலும் இந்த ரகம். படம் அழகாக இருக்கிறதே என்று அந்த எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடாதீர்கள். ஜிபிசி-யில் பின்னங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக மால்டியில் எடுக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், வேறு வழியில்லை.

இப்போதைக்கு அதே சாம்பிளை டிஎச்எஃப் என்ற கரைப்பானில் கரைத்து, வெளிச்சம் படாமல் வைத்த புது வெள்ளி உப்போடு எடுக்கச் சொல்லுங்கள், ஏஜெண்ட் இல்லாமல் கருவி இயக்குபவரிடமே நேராகப் பேசி. சாம்பிளில் குளோரைடு மிச்சம் இருந்தால் வெள்ளி வீழ்படிவாகிவிடும், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.