செப்படி வித்தைக்காரன் கையில் என்ன செப்பு?

அன்புள்ள ஐயா,
யாராவது பேச்சை மாற்றி மாற்றி நழுவினால் எங்கள் ஆயா "செப்படி வித்தைக்காரன் மாதிரி பேசாதே" என்பார். செப்புதல் என்றால் சொல்லுதல், அதனால் மந்திரம் சொல்லி வித்தை காட்டுகிறவன் என்று நானாக நினைத்திருந்தேன். நண்பர் ஒருவர், செம்பைத் தங்கமாக்குகிறவன் என்கிறார். எது சரி?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. செம்புக்கும் செப்பு என்று பெயர் உண்டு என்பதால் உங்கள் நண்பர் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறார், அவ்வளவுதான். இங்கே செப்பு என்பது சிமிழ், சின்னக் கிண்ணம். பிள்ளைகளின் சொப்புச் சாமானில் இருப்பதும் இதே சொல்தான். "செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி" என்கிற 887-ஆம் குறளில் வருவதும் இதுதான்: மூடியும் சிமிழும் வெளியே ஒன்றாகத் தெரியும், உள்ளே வேறு வேறு.

தெருவில் துணியை விரித்து, தலையில் குமிழ் வைத்த மரக்கிண்ணங்களைக் கவிழ்த்து, இதில் போட்ட உருண்டையை அதில் எடுத்துக் காட்டுவார்களே, அந்த வித்தை. செப்பை இட்டுச் செய்வதால் செப்பிடுவித்தை என்றும் சொல்வதுண்டு. ஒரு வித்தையின் பெயர் அப்புறம் எல்லாக் கைவித்தைக்கும் பொதுவாகிவிட்டது.

இதே கதை வெளியிலும் நடந்திருக்கிறது. கிரேக்கத்தில் வித்தைக்காரனுக்கு ஒரு பெயர் 'கூழாங்கல் ஆட்டக்காரன்', லத்தீனில் ஒரு பெயர் காடிக் கிண்ணத்திலிருந்து வந்தது. உங்கள் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகள் வந்து இறங்கிய அதே முதல் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா ஒரு கடிதத்தில், வார்த்தையை வைத்து வாதம் செய்கிறவர்களை வித்தைக்காரனின் கிண்ணத்தோடும் கல்லோடும் ஒப்பிடுகிறார், அதில் ஏமாறுவதுதான் சுகம், எப்படிச் செய்கிறான் என்று தெரிந்துவிட்டால் ஆட்டமே போச்சு என்கிறார். உங்கள் ஆயா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே! இதை வைத்து வித்தை அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்றெல்லாம் யாரும் கிளம்ப வேண்டாம்.

உங்கள் ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு, வித்தைக்காரனைக் குறிக்கும் எஸ்கமோத்தர் என்ற சொல் தெரிந்திருக்கும். எஸ்கமோத் என்றால் இதே வித்தையில் மறைகிற தக்கை உருண்டை. நாம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டோம், அவர்கள் உருண்டையை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழூல் தெ ரோவேர் என்ற வித்தைக்காரர் இந்தத் தெருப்பெயர் வேண்டாம் என்று, வேகத்தையும் விரலையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்து 'பிரெஸ்திதிழித்தத்தர்' என்று ஒன்றைக் கட்டினார். வாயில் நுழைவதற்கே தனியாக ஒரு வித்தை வேண்டும், எனக்குச் செப்படி வித்தைக்காரனே போதும்.