முதல் சர்வரோடு நின்றுவிடும் ஸ்கிரிப்ட்

வணக்கம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் கிளைகளின் உபுண்டு சர்வர்களைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு), முதல் சர்வர் முடிந்ததும் பிழைச்செய்தி ஏதுமின்றி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மலைப்பகுதி இணைப்பின் மீது பழி போட வேண்டாம். சர்வர் பெயர்க் கோப்பை ‘வொய்ல் ரீட்’ (while read) சுழற்சி வரிவரியாகப் படிக்கும்போது, உள்ளே இயங்கும் எஸ்எஸ்ஹெச் (ssh, தொலைவிலுள்ள சர்வரில் கட்டளையை இயக்கும் நிரல்) அதே உள்ளீட்டிலிருந்து மீதி வரிகளையும் விழுங்கிவிடுவதால், அடுத்த சுற்றுக்குப் பெயரே மிஞ்சுவதில்லை. எஸ்எஸ்ஹெச்சுக்கு, அந்த உள்ளீட்டைப் படிக்காமல் தடுக்கும் ‘-என்’ (-n) தெரிவைச் சேர்த்தால் போதும். அது சிறிய எழுத்தாக இருக்க வேண்டும், பெரிய எழுத்தை இட்டால் கட்டளையே இயங்காது.

அதன்பின், நீங்கள் திருத்திய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றலாமா என்று, மென்பொருளை நிறுவும் நிரலான டிபிகேஜி (dpkg) கேட்கும் இடத்தில் பதில் கிடைக்காமல் அப்டேட் முறியக்கூடும் என்பதால், பழைய கோப்பையே வைத்துக்கொள்ளச் சொல்லும் ‘ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்’ (--force-confold) தெரிவையும் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு நடுவில் அறுந்தாலும் வேலை தொடர, கட்டளையை அந்தந்த சர்வரிலேயே டிமக்ஸ் (tmux) என்ற நிரலுக்குள் ஓடவிடுவது நல்லது.