ரெப்பர்ட்டரி நாடகக் குழு என்றால் என்ன? பிரிட்டிஷ் நடிகர் இயன் மெக்கெல்லன் ஏன் அங்கே தொடங்கினார்?

ஒரே அரங்கில் ஒரே குழு, நாடகங்களை அடுத்தடுத்து மாற்றி மேடையேற்றும் முறைதான் ரெப்பர்ட்டரி. மாலையில் ஒரு நாடகம் நடக்கும். பகலில் அடுத்ததற்கு ஒத்திகை. இன்றைய பந்திக்குப் பரிமாறிக்கொண்டே நாளைய இட்லிக்கு அரிசி ஊறப்போடும் மெஸ் சமையல்காரரின் பாடுதான்.

இதற்குக் காரணம் வெறும் கலை ஆர்வம் அல்ல. லண்டனைப் போலன்றி, சிறிய ஊரில் பார்வையாளர்கள் குறைவு. நாடகம் மாறினால்தான் அதே மக்கள் மறுபடியும் டிக்கெட் வாங்குவார்கள். நடிகருக்கோ இந்த மாதம் அரசன், அடுத்த மாதம் வேலைக்காரன். இதைவிட நல்ல பயிற்சி ஏது?

மெக்கெல்லன் 1961இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இப்படியொரு குழுவில் தொடங்கினார். பிறகு இப்ஸ்விச், நாட்டிங்ஹாம். 1976இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் சின்னஞ்சிறு அரங்கொன்றில் நடிகை ஜூடி டெஞ்சுடன் ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’. பார்வையாளர்கள் மிக அருகில் இருந்ததால் முணுமுணுப்பே போதும். கேமரா கேட்பதும் அந்த அடக்கத்தைத்தான் என்பது என் கணிப்பு. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தின் மந்திரவாதி காண்டால்ஃபாக உலகம் அவரை அறிந்தது 2001இல், 62 வயதில். அதற்கு வெகுமுன்பே அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும் சர் பட்டமும் வந்துவிட்டன.

அவர் நடிப்புப் பள்ளியில் பயின்றவர் என்று பலர் நினைக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம், நடிப்பெல்லாம் மாணவர் நாடகங்களில்தான். ஆக, ரெப்பர்ட்டரிதான் அவருக்கு நடிப்புப் பள்ளி.